பள்ளிக்கூடம் போகாத கல்வி மந்திரி

 

நம்ம பாலிடெக்னிக்கில் அட்மிஷன் போட்ட அந்த நாளைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஆபீஸ் ஜன்னலுக்கு உள்ளேயிருந்து முதலில் வந்த கேள்வி என்ன? டி.சி. இருக்கா, மார்க் ஷீட் இருக்கா, ஜெராக்ஸ் எத்தனை காப்பி எடுத்திருக்கே? அவ்வளவுதான். நம்ம முகத்தைக்கூட அப்புறம்தான் நிமிர்ந்து பார்த்தார்கள். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் கையில் இல்லையென்றால் அந்த ஜன்னலைத் தாண்டி ஒரு அடி வைக்க முடியாது.

சரி, ஒரு கற்பனை. டி.சி.யும் கிடையாது, மார்க் ஷீட்டும் கிடையாது, ஒரு நாள்கூடப் பள்ளிக்கூட பெஞ்சில் உட்கார்ந்தது கிடையாது என்று ஒருவர் அந்த ஜன்னலில் வந்து நிற்கிறார். நம்ம கிளார்க் சார் என்ன சொல்வார்? போய்ட்டு வாங்க தம்பி என்று அனுப்பி வைப்பார். அவரைக் குறை சொல்ல முடியாது, ரூல்ஸ் அப்படி! ஆனால் அப்படிப்பட்ட ஒருவர்தான் சுதந்திர இந்தியாவின் முதல் கல்வி மந்திரி. 1947 ஆகஸ்ட் 15 முதல் 1958 பிப்ரவரி 22ஆம் தேதி கண்ணை மூடும்வரை அந்த நாற்காலியில் இருந்தவர். அவர்தான் மௌலானா அபுல் கலாம் ஆசாத்.

நம்மில் பலருக்கு அவர் பெயர் ஜி.கே. புத்தகத்தில் ஒரு வரி. தேசியக் கல்வி தினம் எப்போது? நவம்பர் 11. யாருடைய பிறந்த நாள்? ஆசாத். ஒரு மார்க் கேள்வி, முடிஞ்சது கதை. அந்த ஒரு மார்க்குக்குப் பின்னால் ஒரு முழு வாழ்க்கை இருக்கிறது. பத்து வருஷத்துக்கும் மேலாக நாடு அவரைக் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தது. சிலவற்றுக்கு அவர் செயலால் பதில் சொன்னார். ஒரு கேள்விக்கு மட்டும் பதில் முழுசாக வரவில்லை. அதைத்தான் இந்த மலரில் உங்களோடு பகிர்ந்துகொள்ள நினைக்கிறேன்.

வீடே பள்ளி, அப்பாவே வாத்தியார்

ஆசாத் பிறந்தது 1888 நவம்பர் 11, மெக்கா நகரில். தந்தை கைருத்தீன் மார்க்கக் கல்வியில் பெரிய அறிஞர். தாயார் அரபு நாட்டுப் பெண்மணி. ஆசாத் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே குடும்பம் கல்கத்தாவுக்கு வந்துவிட்டது. தந்தைக்கு அங்கே ஏராளமான சீடர்கள். ஆனால் அவருக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. ஆங்கிலப் பள்ளிக்கூடத்தில் படித்தால் பிள்ளைக்கு மார்க்கத்தில் நம்பிக்கை போய்விடும் என்று நினைத்தார். கல்கத்தாவிலே இருந்த மார்க்கப் பள்ளிகளின் தரமும் அவருக்குப் பிடிக்கவில்லை. ஆகவே முதலில் தானே பாடம் எடுத்தார், பிறகு ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு ஆசிரியரை வீட்டுக்கே வரவழைத்தார்.

அரபி, பாரசீகம், தத்துவம், ஜியோமெட்ரி, அல்ஜிப்ரா எல்லாமே வீட்டுக்குள்ளேதான். சாதாரணமாக இருபது வயதைத் தாண்டி முடிக்கும் பாடத்திட்டத்தைப் பதினாறு வயதில் முடித்துவிட்டார். அந்தக் காலத்து வழக்கப்படி, படித்தவன் கற்றுக் கொடுத்துக் காட்டினால்தான் படிப்பு முடிந்ததாக அர்த்தம். ஆகவே தந்தை சுமார் பதினைந்து மாணவர்களைச் சேர்த்துக் கொடுத்தார். மீசை அரும்பாத பையன் தன்னைவிடப் பெரியவர்களுக்குத் தத்துவமும் கணிதமும் நடத்தினார். நமக்கெல்லாம் செமினார் எடுக்கச் சொன்னாலே கை நடுங்குது!

அந்த வயதில்தான் சர் சையத் அகமது கானின் எழுத்துக்கள் அவர் கையில் கிடைத்தன. நவீன விஞ்ஞானமும் தத்துவமும் தெரியாதவன் இந்தக் காலத்தில் படித்தவனே ஆகமாட்டான் என்ற எண்ணம் மனதில் விழுந்தது. அதற்கு ஆங்கிலம் வேண்டும். வீட்டிலோ அதற்கு இடமில்லை. என்ன செய்தார் தெரியுமா? ஆங்கில எழுத்துக்களைத் தெரிந்துகொண்டு, பைபிளை எடுத்தார். ஆங்கில பைபிள் ஒரு பக்கம், பாரசீக பைபிளும் உருது பைபிளும் இன்னொரு பக்கம். வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்த்துப் படித்தார். அப்புறம் டிக்ஷனரி வைத்துக்கொண்டு ஆங்கிலப் பத்திரிகை. தமிழ் மீடியத்தில் பத்தாவது முடித்துவிட்டு, முதல் செமஸ்டரில் இங்கிலீஷ் புத்தகத்தைத் திறந்து முழித்த நமக்கு இந்தக் கஷ்டம் நன்றாகவே புரியும்.

வீட்டில் சொல்லிக் கொடுத்ததையெல்லாம் ஏன், எதற்கு என்று மனதுக்குள் கேட்க ஆரம்பித்தார். சில காலம் எதன் மேலும் நம்பிக்கை இல்லாமல் அலைந்தார். பழைய கட்டுகளிலிருந்து விடுபட்டேன் என்பதற்கு அடையாளமாக ஆசாத் என்ற புனைபெயரைச் சூட்டிக்கொண்டார். சுதந்திரமானவன் என்று அர்த்தம்.

இங்கே ஒரு திருத்தம். சில புத்தகங்களில் ஆசாத் எகிப்தில் கெய்ரோவில் உள்ள அல் அசார் பல்கலைக்கழகத்தில் படித்தவர் என்று போட்டிருக்கும். அது தவறு. இளம் வயதில் வெளிநாடு போனபோது அங்கே போய்ப் பார்த்தார், அவ்வளவுதான். நாட்டின் கல்வி மந்திரி எங்கேயாவது ஒரு பெரிய இடத்தில் படித்திருக்கத்தானே வேண்டும் என்று எழுதியவர்கள் நினைத்திருக்கலாம். சர்டிபிகேட் மேல் நமக்கு இருக்கும் பக்தி அப்படி!

பேனாவும் சிறையும்

1912 ஜூலையில் கல்கத்தாவிலிருந்து அல் ஹிலால் என்ற உருது வாரப் பத்திரிகையைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 23. இந்துக்களும் முஸ்லிம்களும் ஒன்றுசேர்ந்து வெள்ளைக்காரனை எதிர்க்க வேண்டும் என்று எழுதினார். இரண்டே வருஷத்தில் வாரம் 26 ஆயிரம் பிரதிகள் போனதாக அவரே பின்னாளில் குறிப்பிட்டிருக்கிறார். உருதுப் பத்திரிகை உலகம் அதுவரை காணாத எண்ணிக்கை அது. அரசாங்கம் சும்மா இருக்குமா? முதலில் 2,000 ரூபாய் ஜாமீன் தொகை கேட்டுப் பறிமுதல் செய்தது. பிறகு 10,000 ரூபாய் கேட்டு, அதையும் பறித்தது. பத்திரிகை நின்றது. மறு வருஷமே அல் பலாக் என்று வேறு பெயரில் வந்தார். இந்த முறை பத்திரிகையை விட்டு ஆளைப் பிடித்தார்கள்.

1916இல் வங்காளத்தை விட்டு வெளியேற்றி, ராஞ்சியில் காவலில் வைத்தார்கள். 1919 முடியும்வரை அங்கேதான் இருந்தார். அந்த ஊரில் பிள்ளைகளுக்கு ஒரு மதரஸா தொடங்க வழி செய்தார். கையையும் காலையும் கட்டிப் போட்ட இடத்திலும் ஒரு பள்ளிக்கூடம்!

வெளியே வந்ததும் காந்தியடிகளோடு சேர்ந்தார். 1920இல் ஜாமியா மில்லியா என்ற தேசியக் கல்வி நிலையத்தை உருவாக்கியவர்களில் ஒருவர். 1923இல் டெல்லியில் கூடிய காங்கிரஸ் சிறப்பு மாநாட்டுக்குத் தலைமை வகித்தார், அப்போது வயது 35கூட முடியவில்லை. மறுபடி 1940 முதல் 1946 வரை தலைவர். அதற்குள் வெள்ளையனே வெளியேறு போராட்டம் வந்தது. 1942 ஆகஸ்ட் 9 விடியற்காலையில் கைது செய்து, அகமதுநகர் கோட்டையில் நேரு, படேல் போன்றவர்களோடு அடைத்தார்கள்.

கல்கத்தாவில் மனைவி சுலைகா பேகம் நோயில் கிடந்தார். நிலைமை மோசம் என்று தகவல் வந்தது. அரசாங்கத்திடம் ஏதாவது கேட்க வேண்டுமென்றால் அனுப்பி வைக்கிறேன் என்று சிறை அதிகாரி சொல்லிப் பார்த்தார். ஆசாத் எதையும் கேட்க மறுத்துவிட்டார். 1943 ஏப்ரலில் மனைவி இறந்தார். சில மாதம் கழித்து போபாலில் இருந்த சகோதரியும் போய்விட்டார். மனுஷன் உள்ளே இருந்து கடிதம் கடிதமாக எழுதினார், அனுப்ப முடியாத கடிதங்கள். அவைதான் பின்னால் குபார் இ காதிர் என்ற புத்தகமாக வந்தன. டீ குடிப்பது பற்றிகூட அதிலே ரசித்து ரசித்து எழுதியிருப்பார்.

தேசப் பிரிவினையைக் கடைசிவரை எதிர்த்த தலைவர்களில் ஒருவர் அவர். தோற்றுப்போனார். 1947 அக்டோபரில் டெல்லி ஜும்மா மசூதியில், மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பத் தயாராக நின்ற மக்கள் முன் நின்று, இது உங்கள் மண், ஏன் ஓடுகிறீர்கள் என்ற பொருளில் மனம் உருகப் பேசினார். அந்தக் காயத்தோடுதான் கல்வி இலாகாவை நடத்தினார் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

முதல் கேள்வி: எத்தனை வருஷம்?

1947 ஜனவரியில், இடைக்கால சர்க்காரிலேயே கல்வித்துறைக்கு வந்துவிட்டார். அவருக்கு முன் அந்த இலாகாவைப் பார்த்தவர் நம்ம ராஜாஜி. கையில் வந்த நாடு எப்படி இருந்தது? 1951 கணக்குப்படி நூற்றுக்கு 18 பேருக்குத்தான் எழுதப் படிக்கத் தெரியும். மீதி 82 பேர் கைநாட்டு.

வெள்ளைக்காரர்கள் போவதற்கு முன் 1944இல் சார்ஜென்ட் திட்டம் என்று ஒன்று போட்டு வைத்திருந்தார்கள். எல்லாப் பிள்ளைகளையும் பள்ளிக்குக் கொண்டுவர 40 வருஷம் ஆகும் என்றது அந்தத் திட்டம். அதாவது 1984! நாற்பது வருஷம் யார் காத்திருப்பார்கள் என்று ஊரே கேட்டது. ஆசாத்துக்கும் அது ஏற்கவில்லை. பம்பாயின் பி.ஜி. கெர் தலைமையில் அமைந்த குழு 16 வருஷத்தில் முடிக்கலாம் என்று கணக்குப் போட்டது. அதோடு, மத்திய அரசு தன் வருமானத்தில் நூற்றுக்கு 10, மாகாணங்கள் நூற்றுக்கு 20 கல்விக்குச் செலவிட வேண்டும் என்றும் சொன்னது.

அரசியல் சட்டம் எழுதியவர்கள் அதையும் தாண்டினார்கள். 1950 ஜனவரி 26இலிருந்து பத்தே வருஷத்தில், 14 வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வி கிடைக்க அரசு முயல வேண்டும் என்று 45ஆவது பிரிவில் எழுதினார்கள். டேட் குறித்தாச்சு. 1960!

ஆனால் பணம்? பிரிவினையால் வந்த அகதிகளுக்கு வீடு வேண்டும், சோறு வேண்டும். காஷ்மீரில் சண்டை. அணை கட்ட வேண்டும், உரத் தொழிற்சாலை வேண்டும். கல்விக்கு மத்திய பட்ஜெட்டில் கிடைத்தது மிகச் சிறிய பங்கு. கல்வி ஆலோசனைக் கூட்டங்களில் ஆசாத் இதை மறைக்கவில்லை. கல்வியைக் கடைசி வரிசையில் வைக்கிறீர்கள் என்று தன் சொந்த அரசாங்கத்தைப் பற்றியே வருத்தப்பட்டார். மந்திரியாக இருந்துகொண்டு அப்படிச் சொல்வது சுலபமில்லை.

இரண்டாவது கேள்வி: இது யாருடைய வேலை?

இதைத்தான் நண்பர்களே, நாம் நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும். அரசியல் சட்டப்படி அன்றைக்குப் பள்ளிக்கல்வி மாநிலப் பட்டியலில் இருந்தது. டெல்லிக்கு நேரடியாக இருந்தது பல்கலைக்கழகம், தொழில்நுட்பக் கல்வி இவற்றின் தரத்தைப் பார்க்கும் அதிகாரம்தான். கல்வி முழுசாக மத்திய அரசும் மாநிலமும் சேர்ந்து பார்க்கும் பொதுப்பட்டியலுக்குப் போனது 1976இல். ஆகவே ஏதோ ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கூரை இல்லை என்றால், கேள்வி டெல்லி மந்திரிக்கு வரும், சாவியோ மாநில சர்க்காரிடம் இருக்கும்.

நம்ம ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1953இல் சென்னை மாநிலத்தில் ராஜாஜி அரை நேரப் பள்ளித் திட்டம் கொண்டுவந்தார். பெரிய எதிர்ப்பு கிளம்பியது. 1954இல் காமராஜர் முதலமைச்சராக வந்ததும் அதைக் கைவிட்டார்கள். பிறகு 1956இல் பள்ளிகளில் மதிய உணவு வந்தது. இந்த மூன்றும் நடந்தபோது டெல்லியில் கல்வி மந்திரி ஆசாத்தான். கொண்டுவந்ததும் கைவிட்டதும் சோறு போட்டதும் மாநிலம். பிள்ளையைப் பள்ளிக்கு இழுத்துவர எது முக்கியம் என்பதைக் காமராஜர் ஒரு தட்டுச் சோற்றில் காட்டினார்.

அதிகாரம் குறைவு என்று ஆசாத் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை. மாகாணக் கல்வி மந்திரிகளைக் கூப்பிட்டுப் பேசினார், குழுக்கள் போட்டார், மானியம் கொடுத்து இழுத்தார். உத்தரவு போட முடியாத இடத்தில் பேசித்தான் சம்மதிக்க வைக்க வேண்டும், இல்லையா?

1952இல் இடைநிலைக் கல்விக்கு ஒரு கமிஷன் அமைத்தார். அதன் தலைவர் யார் தெரியுமா? சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் டாக்டர் ஏ. லட்சுமணசாமி முதலியார். 1953இல் கொடுத்த அறிக்கையில், எல்லாப் பிள்ளைகளையும் ஒரே அச்சில் வார்க்காதீர்கள், தொழிற்பாடங்களும் உள்ள பல்நோக்குப் பள்ளிகளைத் திறங்கள் என்று கமிஷன் சொன்னது. தொழிற்சாலைகளுக்குப் பக்கத்திலே தொழில்நுட்பப் பள்ளிகள் வேண்டும், அதற்காகத் தொழில்கள் மேல் ஒரு தீர்வை போடலாம் என்றும் யோசனை சொன்னது. படிக்காத பையன்தான் பட்டறைக்குப் போவான் என்ற நினைப்பை மாற்றப் பார்த்தார்கள். அந்த நினைப்பு இன்னும் போகவில்லை என்பது நமக்குத் தெரியும். டிப்ளமோதானா, என்ஜினியரிங் கிடைக்கலையா என்று கல்யாண வீட்டில் கேட்காத சொந்தக்காரர் உண்டா?

மூன்றாவது கேள்வி: எந்த மொழி?

இது நெருப்பு மாதிரி கேள்வி. ஆசாத்துக்கு ஆங்கிலம் நன்றாகப் புரியும். ஆனால் வைஸ்ராயோடு பேசும்போதும் உருதுவில்தான் பேசுவார். அப்படிப்பட்டவர் ஆங்கிலத்தை உடனே தூக்கிப் போடச் சொல்வார் என்றுதான் பலரும் எதிர்பார்த்தார்கள். அவர் நிதானம் காட்டினார். மாற்றம் வரத்தான் வேண்டும், ஆனால் ராத்திரியோடு ராத்திரியாக மாற்றினால் மாணவன்தான் அடிபடுவான், பல்கலைக்கழகங்கள் தயாராவதற்கு வருஷங்கள் கொடுக்க வேண்டும் என்பது அவர் நிலை. இந்தி ஆர்வலர்கள் சிலருக்கு இது பிடிக்கவில்லை.

சின்னப் பிள்ளைகள் விஷயத்தில் தெளிவான முடிவு வந்தது. 1949 ஆகஸ்டில் மாகாணக் கல்வி மந்திரிகள் மாநாடு, ஆரம்பப் பள்ளியில் பிள்ளைக்குத் தாய்மொழியில்தான் பாடம் நடத்த வேண்டும் என்று தீர்மானித்தது. வேறு மொழி பேசும் பிள்ளைகள் ஒரு பள்ளியில் 40 பேர், அல்லது ஒரு வகுப்பில் 10 பேர் இருந்தாலே அவர்களுக்குத் தனி ஆசிரியர் போட வேண்டும். வேறு மாநிலத்தில் கூலி வேலைக்குப் போன ஒரு தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைக்கும் இந்தப் பாதுகாப்பு பொருந்தும். இங்கே வந்திருக்கும் ஒரு ஒரியாப் பிள்ளைக்கும் பொருந்தும். பத்தே பத்துப் பிள்ளைகளுக்காக யோசித்திருக்கிறார்கள் பாருங்கள்!

மதக் கல்வி பற்றியும் கேள்வி வந்தது. 1948இல் ஆசாத் ஒரு யோசனை வைத்தார். அரசு ஒதுங்கிக்கொண்டால் பிள்ளைகள் குறுகிய புத்தி உள்ளவர்களிடம்தான் மதம் படிப்பார்கள், ஆகவே அரசே விரிந்த மனதோடு சொல்லிக் கொடுப்பது நல்லது என்றார். அரசியல் சட்டமோ அரசு பணத்தில் முழுசாக நடக்கும் பள்ளியில் மதப் போதனை கூடாது என்று முடிவு செய்தது. தன் யோசனை எடுபடாவிட்டாலும் சட்டப்படியே இலாகாவை நடத்தினார்.

நம்ம கேள்வி: டெக்னிகல் படிப்பு

டெல்லிக்கு நேரடி அதிகாரம் இருந்த இடத்தில் ஆசாத் என்ன செய்தார் என்று பார்த்தால் ஆளின் வேகம் தெரியும். இன்று நம்ம பாலிடெக்னிக் வாசல் போர்டில் அப்ரூவ்டு பை ஏ.ஐ.சி.டி.இ. என்று இருக்கிறதே, அந்தக் கவுன்சில் 1945இல் தொடங்கப்பட்டது. ஆசாத் அதன் கூட்டங்களுக்கு வந்து, தொழில்நுட்பக் கல்விதான் நாட்டின் செல்வத்துக்கு வழி என்று பேசினார். அன்று ஒரு நல்ல என்ஜினியர் ஆக வேண்டுமென்றால் கப்பல் ஏறி இங்கிலாந்துக்கோ அமெரிக்காவுக்கோ போக வேண்டும். அந்த வசதியை இங்கேயே செய்ய வேண்டும், ஒரு நாள் வெளிநாட்டுப் பிள்ளைகள் இங்கே வந்து படிக்க வேண்டும் என்பது அவர் ஆசை.

1951 ஆகஸ்ட் 18. வங்காளத்தில் கரக்பூர் பக்கத்தில் ஹிஜ்லி என்ற இடம். அங்கே நாட்டின் முதல் ஐ.ஐ.டி.யை ஆசாத் முறைப்படி திறந்து வைத்தார். அந்தக் கட்டடம் எது தெரியுமா? வெள்ளைக்காரன் சுதந்திரப் போராட்டக்காரர்களை அடைத்து வைத்திருந்த தடுப்புக் காவல் முகாம். 1931 செப்டம்பரில் ஆயுதம் இல்லாத கைதிகள் மேல் அங்கே சுட்டதில் இரண்டு பேர் இறந்தார்கள். ஜெயிலைக் கண்டு வளர்ந்த மனிதர், ஒரு ஜெயிலையே காலேஜ் ஆக்கித் திறந்து வைத்தார். எழுதும்போதே உடம்பு சிலிர்க்கிறது!

பல்கலைக்கழக மானியக் குழுவை 1953 டிசம்பரில் தொடங்கி வைத்தவரும் அவரே. சாகித்ய அகாடமி, சங்கீத நாடக அகாடமி, லலித் கலா அகாடமி மூன்றும் அவர் காலத்தில் வந்தவை. படிப்பு என்றால் சோறு சம்பாதிக்க மட்டும் என்று அவர் நினைக்கவில்லை. தானே சிதார் கற்றுக்கொண்டவர் ஆயிற்றே! நம்ம கிண்டி ஐ.ஐ.டி. 1959இல் வந்தது. அதைப் பார்க்க அவர் இல்லை.

பதில் வராத கேள்வி

1958 பிப்ரவரியில் திடீரென்று பக்கவாதம் தாக்கியது. பிப்ரவரி 22 அதிகாலையில் போய்விட்டார். செங்கோட்டைக்கும் ஜும்மா மசூதிக்கும் நடுவே அடக்கம் செய்தார்கள். 1992இல், மறைந்து 34 வருஷம் கழித்து, பாரத ரத்னா கொடுத்தார்கள். 2008 முதல் அவர் பிறந்த நாள் தேசியக் கல்வி தினம்.

அரசியல் சட்டம் குறித்த டேட் வர அப்போது இரண்டு வருஷம்கூட இல்லை. 1960 வந்தது, போனது. 1961 கணக்கெடுப்பில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு 28 பேர். பத்து வருஷத்தில் பத்துப் பேர் கூடியிருந்தார்கள், அவ்வளவுதான். 6 வயது முதல் 14 வயது வரை கல்வி ஒவ்வொரு பிள்ளையின் உரிமை என்ற சட்டம் 2009இல் நிறைவேறி, 2010 ஏப்ரல் 1இல் நடைமுறைக்கு வந்தது. குறித்த டேட்டுக்கு 50 வருஷம் லேட்! நாம் ரெக்கார்டு நோட் ஒரு நாள் லேட்டாக வைத்தால் லேபில் சேர்க்க மாட்டார்கள்.

உயர் படிப்புக்கு ஐ.ஐ.டி., யு.ஜி.சி. எல்லாம் வந்தன. அடியில் இருந்த ஆரம்பப் பள்ளி பின்தங்கியது. இதற்கு ஆசாத்தைக் குறை சொல்பவர்கள் உண்டு. அவரிடம் சாவி இல்லை, பணமும் இல்லை என்று பரிந்து பேசுபவர்களும் உண்டு. எனக்கு இரண்டுமே உண்மை என்றுதான் படுகிறது. மந்திரி நல்லவராக இருந்தால் மட்டும் போதாது. வாக்குக் கொடுத்த நாடு பட்ஜெட்டிலும் அதைக் காட்ட வேண்டும். ஆனால், பணம் இல்லை என்று ஒரு மந்திரி சபையில் உண்மையைச் சொல்லிவிட்டால் அந்தப் பிள்ளை பள்ளிக்கு வந்துவிடாது என்பதும் உண்மை.

இதை எழுதும்போது எனக்கு ஒரு முகம்தான் ஞாபகம் வருகிறது. எங்க தெருவில் என்னோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். கணக்கில் என்னைவிடக் கெட்டிக்காரன். எட்டாவதோடு நின்றுவிட்டான். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, வீட்டில் மூத்த பிள்ளை அவன்தான். இன்றைக்கு ஒரு லேத் பட்டறையில் வேலை பார்க்கிறான். எனக்கு முதல் வருஷ ஒர்க்ஷாப்பில் டேப்பர் டர்னிங் சரியாக வராதபோது, லீவு நாளில் எனக்குச் சொல்லிக் கொடுத்தது அவன்தான். பிராக்டிகல் பரீட்சையில் மார்க் வாங்கியது நான். நாளைக்கு சர்டிபிகேட் வாங்கப் போவதும் நான். ஜன்னலுக்கு வெளியே நிற்பது அவன்.

பள்ளிக்கூடமே போகாத ஆசாத்துக்கு வீட்டில் அறிஞரான அப்பா இருந்தார், புத்தகம் இருந்தது, பாடத்துக்கு ஒரு வாத்தியார் வந்தார். அது எல்லாருக்கும் கிடைக்காது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் அவர் ஊருக்கு ஊர் பள்ளிக்கூடம் கேட்டார். பெரியவர்களுக்கும் படிப்பு வேண்டும் என்று முதியோர் கல்வியை விரிவாக்கி, சமூகக் கல்வி என்று புதுப் பெயர் வைத்தார். சர்டிபிகேட் இல்லாத மனிதனை அவர் ஒருநாளும் அறிவில்லாதவனாகப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் முதலில் தன்னையே அல்லவா குறைத்து நினைத்திருக்க வேண்டும்!

நண்பர்களே, நாளைக்கு நம்மில் சிலர் ஜூனியர் என்ஜினியர் ஆவோம். சிலர் சொந்தப் பட்டறை வைப்போம். சிலர் லேட்டரல் என்ட்ரியில் பி.இ. போவோம். எங்கே போனாலும் நம்ம கீழே ஒரு எட்டாங்கிளாஸ் பையன் வேலை பார்ப்பான். அவனிடம் மரியாதையாகப் பேசுவோம். ஓபன் ஸ்கூல் இருக்கு, தனித்தேர்வு இருக்கு, ஐ.டி.ஐ. இருக்கு என்று வழி சொல்வோம். பரீட்சைக்கு அவன் லீவு கேட்டால் கொடுப்போம். என் நண்பனிடம் பத்தாவது தனித்தேர்வு எழுதச் சொல்லிக் கொண்டிருக்கிறேன். யோசிக்கிறேன்டா என்கிறான். இந்த முறை பீஸ் கட்டும் கடைசி நாளை நானே குறித்து வைத்திருக்கிறேன்.